கணினிக் கணிதம் கேள்வி-பதில்: சீரோ பை சீரோ வந்தால் யாரை நம்புவது?

கேள்வி: சிம்பையில் (பைத்தான் மொழியில் இயங்கும் கணித மென்பொருள்) சைன்(எக்ஸ்)/எக்ஸ் என்று எழுதி எக்ஸுக்கு 0 போட்டால் ‘நேன்’ என்று வருகிறது. விடை 1 என்று பள்ளியிலேயே படித்தோமே, மென்பொருளில் பிழையா? (கல்லூரி மாணவி, திருச்சி)

பதில்: பிழை இல்லை, நீங்கள் கேட்டதற்கு அது சரியாகத்தான் பதில் சொல்லியிருக்கிறது. ‘சப்ஸ்’ கட்டளை மதிப்பைப் பிரதியிடும், அதோடு அதன் வேலை முடிந்தது. மேலேயும் 0, கீழேயும் 0, ஆகவே ‘எண் இல்லை’ என்கிறது. எல்லை, அதாவது எக்ஸ் 0-ஐ நெருங்க நெருங்க விடை எதை நெருங்குகிறது என்பது, வேண்டுமென்றால் ‘லிமிட்’ கட்டளையைக் கொடுங்கள், 1 வரும்.

நேன் வந்தால் நல்லதுதான், ஏதோ சரியில்லை என்று உடனே தெரிந்துவிடும். சத்தமே இல்லாமல் ஒரு எண் வந்து நிற்பதற்குத்தான் பயப்பட வேண்டும். 0-இன் அடுக்கு 0 என்ன என்று சிம்பையைக் கேட்டால் 1 என்று சொல்லிவிடும். மேத்தமாட்டிகா என்ற இன்னொரு கணித மென்பொருள் அதையே தீர்மானிக்க முடியாதது என்று ஒதுக்கும். எக்ஸின் அடுக்கு எக்ஸ் வலப்பக்கமிருந்து 0-ஐ நெருங்கும்போது எல்லை 1 என்பது உண்மை, ஆனால் இ-இன் (2.718… என்ற மாறிலி) அடுக்கு (−1/எக்ஸ்) என்பதை எடுத்து முழுவதையும் எக்ஸ் அடுக்குக்கு உயர்த்திப் பாருங்கள், அதுவும் அதே 0-இன் அடுக்கு 0 வடிவம்தான், ஆனால் எல்லை 1/இ, ஏறத்தாழ 0.368. 1-இன் அடுக்கு முடிவிலிக்கு சிம்பை நேன் தரும். சாதாரண பைத்தானில் 1.0-ஐ முடிவிலி அடுக்குக்கு உயர்த்தினால் 1.0 வரும், அங்கே விதியே அப்படி. தேறப்பெறாத வடிவம் (0/0, 0-இன் அடுக்கு 0 போல, பார்த்த மாத்திரத்தில் மதிப்பைச் சொல்ல முடியாதது) என்று சந்தேகம் வந்தால் பிரதியிடுவதை விட்டுவிடுங்கள்.

கேள்வி: 1/எக்ஸ், எக்ஸ் 0-ஐ நெருங்குகிறது. சிம்பை முடிவிலி என்கிறது, மேத்தமாட்டிகா எல்லை இல்லை என்கிறது, மாக்சிமா என்ற மென்பொருள் ‘இன்ஃபினிட்டி’ என்கிறது. யார் சொல்வது சரி? (வாசகர், மதுரை)

பதில்: மூன்றும் சரி, மூன்றும் வேறு வேறு கேள்விக்குப் பதில் சொல்கின்றன. நீங்கள் எந்தப் பக்கம் என்று சொல்லவில்லை, அதனால் ஒவ்வொன்றும் தன் இஷ்டத்துக்கு எடுத்துக்கொண்டது. சிம்பை எதுவும் சொல்லாவிட்டால் வலப்பக்கம்தான் பார்க்கும். அதனால்தான் எக்ஸின் மட்டு மதிப்பை எக்ஸால் வகுத்து 0-இல் எல்லை கேட்டால் 1 என்று தயங்காமல் சொல்கிறது, இடப்பக்கம் −1 என்பதைப் பற்றி மூச்சே விடாது. திசையை ‘+-’ என்று கொடுத்தால் இரண்டு பக்கமும் பார்க்கும், ஒத்துப்போகாவிட்டால் பிழைச்செய்தி தரும்.

மேத்தமாட்டிகா கதை இன்னும் சுவாரஸ்யம். 2017-இல் வந்த 11.2 பதிப்புக்கு முன்னால் அதுவும் வலப்பக்கத்தைத்தான் எடுத்து முடிவிலி என்று சொல்லிக்கொண்டிருந்தது, அப்புறம் இரு பக்க எல்லைக்கு மாறியது. பழைய நோட்டுப் புத்தகத்தில் உள்ள அதே வரி புதுப் பதிப்பில் வேறு விடை தரும் என்று பொருள். மாக்சிமாவின் ‘இன்ஃபினிட்டி’ கலப்பெண் முடிவிலி, அதாவது மிகை, குறை என்று திசை சொல்லாத முடிவிலி. மெய்யெண் கோட்டின் மிகை முடிவிலிக்கு அது ‘இன்ஃப்’ என்றும் குறைக்கு ‘மின்ஃப்’ என்றும் எழுதும். இதைக் கவனிக்காமல் விடைத்தாளில் மிகை முடிவிலி என்று எழுதி மதிப்பெண் இழப்பது நடக்கக்கூடியதுதான். திசையை எப்போதும் எழுதிவிடுங்கள்.

கேள்வி: இத்தனை தலைவலி எதற்கு? ரொம்பச் சின்ன எண்ணைப் போட்டுப் பார்த்தால் போதாதா? (வாசகர், கோவை)

பதில்: போதாது. (1 − காஸ் எக்ஸ்)/எக்ஸ்² எடுத்துக்கொள்ளுங்கள், எல்லை 1/2. எக்ஸுக்கு 0.00000001 போட்டால் கணினி 0 என்று சொல்லும். அந்த இடத்தில் காஸ் மதிப்பு 1-லிருந்து விலகுவது 17-ஆவது தசம இடத்தில், வழக்கமான இரட்டைத் துல்லிய எண்ணில் நிற்பதோ கிட்டத்தட்ட 16 இலக்கம், ஆக மேலே 1 − 1 ஆகிவிடுகிறது. (1 + 1/என்) முழுவதற்கும் என் அடுக்கு போட்டு என்-ஐ 10¹⁵ ஆக்கினால் 2.718-க்குப் பதில் 3.035 வரும், 10¹⁶ ஆக்கினால் 1 வரும்! எண்ணை இன்னும் சின்னதாக்கினால் விடை இன்னும் நன்றாகும் என்று நம்பித்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள்.

சிம்பைக்குள்ளேயும் இந்த நோய் புகுந்துவிடும். (0.1 + 0.2 − 0.3)/எக்ஸ் என்பதில் தொகுதி 0 என்று நமக்குத் தெரியும், ஆனால் தசமமாக எழுதினால் கணினிக்கு அது பூஜ்யமில்லாத ஒரு துளி எண், எக்ஸ் 0-ஐ நெருங்கும்போது எல்லை முடிவிலிக்கு ஓடிவிடும். 1/10 என்பதைப் பின்னமாகவே, ‘ரேஷனல்’ என்று கொடுங்கள்.

கேள்வி: எல்லை காண மென்பொருள் உள்ளே லோபிதால் விதியைத்தான் (மேலும் கீழும் தனித்தனியே வகைக்கெழு எடுத்து வகுப்பது) திரும்பத் திரும்பப் போடுகிறதா? (ஆசிரியை, யாழ்ப்பாணம்)

பதில்: அதை மட்டும் நம்பினால் மாட்டிக்கொள்ளும். எக்ஸ்/√(எக்ஸ்²+1) எடுத்து எக்ஸ் முடிவிலிக்குப் போகும்போது விதியைப் போடுங்கள், பின்னம் தலைகீழாகும், மறுபடி போட்டால் பழைய பின்னமே வரும், இப்படியே சுற்றலாம். (எக்ஸ் + சைன் எக்ஸ்)/எக்ஸ் இன்னொன்று: எல்லை 1, ஆனால் வகைக்கெழு எடுத்தால் 1 + காஸ் எக்ஸ் ஆகி அலைந்துகொண்டே இருக்கும்.

சிம்பை பயன்படுத்துவது டொமினிக் க்ருன்ட்ஸ் 1996-இல் ஜூரிக் இ.டி.எச். பல்கலைக்கழக ஆய்வேட்டில் கொடுத்த முறை. கணிதக் கோவைக்குள் எந்தப் பகுதி மிக வேகமாக வளர்கிறது அல்லது தேய்கிறது என்று முதலில் தேடும் (இ-இன் அடுக்கு எக்ஸ், எக்ஸின் எந்த அடுக்கையும் முந்தும், அது மடக்கையை முந்தும்), பிறகு அந்தப் பகுதியை ஒரு புது மாறியாக வைத்துத் தொடராக விரித்து முதல் உறுப்பை மட்டும் பார்க்கும். கேட்க எளிது. முதல் உறுப்பின் கெழு பூஜ்யமா இல்லையா என்று தெரிவதில்தான் சிக்கல். √(5+2√6) − √2 − √3 என்பது சரியாக 0, வர்க்கம் எடுத்தால் நமக்குப் புரியும். இப்படி ஒரு கோவை பூஜ்யமா என்று எல்லா நேரத்திலும் சொல்லக்கூடிய பொது வழிமுறையே கிடையாது என்று 1968-இல் ரிச்சர்ட்சன் நிரூபித்துவிட்டார், சைனும் மட்டு மதிப்பும் கலந்த சார்புகளுக்கே அந்த நிலைமை. ஆகவே எந்த மென்பொருளும் சில நேரம் கையை விரிக்கும், சில நேரம் தவறும்.

கேள்வி: மாக்சிமா நடுவில் நிறுத்தி ‘ஏ மிகையா, குறையா, பூஜ்யமா?’ என்று கேட்டு நச்சரிக்கிறது. நிறுத்த வழி? (மாணவர், சென்னை)

பதில்: எக்ஸ் முடிவிலிக்குப் போகும்போது இ-இன் அடுக்கு (−ஏ எக்ஸ்) போன்றதற்கு எல்லை கேட்டிருப்பீர்கள். ஏ மிகையானால் 0, பூஜ்யமானால் 1, குறையானால் முடிவிலி. கேட்காமல் எப்படிச் சொல்லும்? ‘அஸ்யூம்’ கட்டளையில் ஏ > 0 என்று முன்பே கொடுத்துவிடுங்கள். சிம்பையில் குறியீட்டை அறிவிக்கும்போதே ‘பாசிட்டிவ்’ என்று சேர்க்க வேண்டும்.