வண்ணமேறிய மார்கன் டாலர்: எம்.எஸ். 65 தானா?

கேள்வி: அமெரிக்காவில் வேலை பார்க்கும் என் மகன், 1881ஆம் ஆண்டு மார்கன் வெள்ளி டாலர் ஒன்றை இணையத்தில் வாங்க விரும்புகிறான். தரம் எம்.எஸ். 65 (மின்ட் ஸ்டேட், அதாவது புழக்கத்துக்குப் போகாத நிலை) என்றும், நிறம் இயற்கையான வானவில் டோனிங் (காலப்போக்கில் வெள்ளியில் தானாக ஏறும் பல வண்ணம்) என்றும் விற்பவர் சொல்கிறார். ஆனால் தரச்சான்று நிறுவனத்தின் உறை எதுவும் இல்லை. முன்பக்கம், பின்பக்கம், முன்பக்கத்துச் சுதந்திர தேவி உருவத்தின் கன்னத்தின் நெருக்கப்படம் என மூன்று படங்களை இணைத்துள்ளேன். நம்பலாமா, ஐயா?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: நிறத்தைப் பற்றி எனக்குப் பெரிய ஐயம் இல்லை, தரத்தைப் பற்றித்தான் இருக்கிறது. பின்பக்கத்தில் இலைமாலைக்குக் கீழே 'எஸ்' என்ற எழுத்து தெரிவதால், இது சான் பிரான்சிஸ்கோ நாணயச்சாலையில் அடித்தது. அந்த ஆண்டில் அங்கே 1 கோடியே 27 லட்சத்து 60 ஆயிரம் டாலர்கள் அடிக்கப்பட்டன. அவற்றில் பெரும்பாலானவற்றில் அச்சு நன்றாக ஆழ விழுந்திருக்கும். ஆகவே தேவியின் காதுக்கு மேலுள்ள கூந்தல் இழைகளும் பின்பக்கக் கழுகின் நெஞ்சு இறகுகளும் தனித்தனியாகத் தெரிவது இந்த நாணயத்துக்குத் தனிச்சிறப்பு ஆகாது. 1891, 1892ஆம் ஆண்டுகளின் நியூ ஆர்லியன்ஸ் டாலர்களில் நிலைமை நேர்மாறு. கைபடாத நாணயத்தில்கூடக் காதுக்கு மேல் மழுங்கியிருப்பதுண்டு, படத்தை மட்டும் பார்ப்பவர்கள் அதைத் தேய்மானம் என்று எழுதிவிடுவார்கள்.

நாணயத் தரத்தைக் குறிக்கும், 1 முதல் 70 வரையுள்ள ஷெல்டன் அளவுகோலில் 60 முதல் 70 வரை பெறுபவை எல்லாம் புழக்கத்துக்கே போகாத நாணயங்கள். அந்தப் பதினொரு படிகளுக்குள் மார்கன் டாலரின் இடத்தைப் பெரும்பாலும் முடிவு செய்வது சுதந்திர தேவியின் கன்னம்தான். 26.73 கிராம் எடையுள்ள இந்த நாணயங்களை ஆயிரம் ஆயிரமாகக் கித்தான் பைகளில் கட்டி, கருவூலங்களுக்கிடையே தூக்கிப் போட்டு ஏற்றி இறக்கினார்கள்; ஒன்றின் விளிம்பு மற்றொன்றின் கன்னத்தில் இடித்த வடுக்களே இன்று நாம் காண்பவை. உங்கள் நெருக்கப்படத்தில் கன்னத்தின் நடுவே நகக்கீறல் நீளத்துக்கு ஒரு வெட்டும், மூக்கை ஒட்டி இரண்டு சிறு குழிகளும் தெளிவாகத் தெரிகின்றன. முதலில் கண்ணில் படும் இடத்தில் இப்படி ஒரு வெட்டு இருந்தால் 65 தருவது கடினம். நான் 63 என்பேன். தாராள மனத்தோடு பார்த்தால் 64. அதற்குரிய விலைக்கு மேல் மகன் கொடுக்க வேண்டாம்.

இனி நிறத்துக்கு வருவோம். வெள்ளியின் மேல் கந்தகம் பட்டு உண்டாகும் மிக மெல்லிய சல்பைடு படலத்தில் ஒளி பட்டுத் திரும்பும்போது தோன்றுவதே இந்த வண்ணம். படலம் தடிக்கத் தடிக்க நிறம் ஓர் ஒழுங்கில் மாறும்: முதலில் வெளிர்மஞ்சள், அடுத்துப் பொன்னிறம், செம்பழுப்பு, ஊதாச்சிவப்பு, நீலம், அதற்கும் மேலே போனால் மறுபடி மஞ்சளில் தொடங்கும். உங்கள் படத்தில் இடப்பக்க விளிம்பு நீலமாகவும், உள்ளே வர வர ஊதாச்சிவப்பு, பொன்னிறம் என்று இறங்கி, பிறைவடிவில் முடிந்து வெறும் வெள்ளியாகவும் ஆகிறது. பையின் துணியில் அழுந்தியிருந்த பகுதி நிறமேறியிருக்கிறது. மேலே இன்னொரு நாணயம் மூடியிருந்த பகுதி தப்பியிருக்கிறது. பின்பக்கம் பளிச்சென்று வெள்ளையாக இருப்பதும் இதற்குப் பொருந்துகிறது. இடப்பக்க நட்சத்திரங்களைச் சுற்றி நிறம் சற்று வெளிறியிருப்பதைப் பெரிதாக்கிப் பாருங்கள். மேடான பகுதியை ஒட்டிய பள்ளத்தில் துணி படியாததால் வருவது அது. மருந்து தடவியோ சூடுகாட்டியோ ஏற்றிய நிறம் பெரும்பாலும் நட்சத்திரங்களைச் சுற்றி இப்படி வெளிறாது. மஞ்சளே இல்லாமல் நேராக நீலத்தில் குதிக்கும், குழிகளுக்குள் மை தேங்கியதுபோல் கறுத்துக் கிடக்கும். உங்கள் படத்திலோ மூக்கருகே உள்ள குழிகளுக்குள்ளும் வெளியிலும் ஒரே பொன்னிறம் இருக்கிறது. அதாவது வடு பழையது, நிறம் அதற்குப் பின் வந்தது.

ஆனால் ஒன்றைப் படத்தில் பார்க்கவே முடியவில்லை. படலத்துக்கு அடியில், தேய்த்துத் துலக்கியதால் விழுந்த மயிரிழைக் கோடுகள் இருக்கின்றனவா என்பது, நாணயத்தை விளக்கடியில் சாய்த்துத் திருப்பினால்தான் புலப்படும். பாட்டி காலத்து விக்டோரியா ரூபாயைப் புளி போட்டுத் தேய்த்த நம் வீடுகளைப்போல அங்கேயும் சோடாப்பொடியால் தேய்த்தவர்கள் உண்டு. தேய்த்த நாணயம் பிறகு அழகாக நிறமேறினாலும் 'துலக்கப்பட்டது' என்ற குறிப்போடுதான் சான்று பெறும். விற்பவரிடம் ஒரு சிறு காணொளி கேளுங்கள். நாணயத்தைச் சாய்க்கும்போது ஒளிக்கீற்றுகள் வண்டிச்சக்கரத்தின் ஆரங்கள்போல, நிறமுள்ள இடத்திலும் இல்லாத இடத்திலும் தடையின்றிச் சுற்றி வர வேண்டும். திருப்பிக் கொடுக்கும் உரிமை இல்லையென்றால் வாங்க வேண்டாம்.

கேள்வி: என் டாலரைத் தரம் கேட்டு அனுப்பக் கைப்பேசியில் எப்படிப் படமெடுப்பது?
– வாசகி, பினாங்கு

பதில்: ஃபிளாஷை அணைத்துவிட்டு, ஒரே விளக்கைக் கடிகாரத்தின் பத்து மணி நிலையில் உயரமாக வைத்து எடுங்கள், பிறகு விளக்கை இரண்டு மணி நிலைக்கு மாற்றி இன்னொன்று எடுங்கள். நாணயத்துக்கு அடியில் வெள்ளைத் தாள் இருக்கட்டும். படத்தில் அந்தத் தாள் நீலமாகவோ மஞ்சளாகவோ தெரிந்தால், நாணயத்தின் நிறமும் அதே அளவு பொய் என்று எனக்குப் புரிந்துவிடும். விளிம்பையும் ஒரு படம் எடுங்கள். நகைக்கடையில் வளையம் பற்றவைத்து எடுத்த தடம் இருந்தால் அங்கேதான் இருக்கும். அனுப்பும் முன் துடைக்க மட்டும் செய்யாதீர்கள்.