மருத்துவர் பதில்: நிபுணரைப் பார்க்க இன்னும் ஏழு வாரம், அதுவரை மூட்டு வலியை எப்படித் தாங்குவது?

கேள்வி: எனக்கு வயது 41. சங்கரன்கோவில் பக்கம் ஒரு கிராமம். வீட்டில் இருந்தே தையல் வேலை பார்க்கிறேன். மூன்று மாதமாக இரண்டு கை விரல் மூட்டுகளும் மணிக்கட்டும் வீங்கி வலிக்கின்றன. காலையில் எழுந்து ஒன்றரை மணி நேரத்துக்கு விரலை மடக்கவே முடிவதில்லை. ரத்தப் பரிசோதனையில் ஆர்.ஏ. (முடக்குவாதத்துக்காகப் பார்க்கும் பரிசோதனை) பாசிட்டிவ், ஈ.எஸ்.ஆர். (உடம்பில் உள்ள அழற்சியைக் காட்டும் அளவு) 68. முடக்குவாதமாக இருக்கலாம், மதுரையில் ருமட்டாலஜி (மூட்டு வாத நோய்) டாக்டரைப் பாருங்கள் என்று எங்கள் ஊர் டாக்டர் எழுதிக் கொடுத்தார். ஏழு வாரம் கழித்துத்தான் தேதி கிடைத்தது. பிரஷருக்கு டெல்மிசார்டன் சாப்பிடுகிறேன். மெடிக்கலில் கேட்டு வாங்கிய வலி மாத்திரையை காலையும் இரவும் போடுவதால் வயிறு எரிகிறது. பக்கத்து வீட்டு அக்கா ஒரு சூரணப் பொட்டலம் கொடுத்து, ஒரே நாளில் வலி பறந்துவிடும் என்கிறார். சாப்பிடலாமா? ஏழு வாரம் எப்படித் தாக்குப் பிடிப்பது?

பதில்: சகோதரி, அந்தப் பொட்டலத்தைச் சாப்பிடாதீர்கள். முதலில் அதை எடுத்து ஓரமாக வையுங்கள், பிறகு மற்றதைப் பேசலாம். சித்த மருத்துவத்தின் மேல் எனக்கு எந்த மனக்குறையும் இல்லை. அரசு சித்தா பிரிவில் சீட்டு எழுதி, பெயர் ஒட்டிக் கொடுக்கும் மருந்து வேறு. பேப்பரில் மடித்த, பெயரோ தயாரித்தவர் விவரமோ இல்லாத பொடி வேறு. மூன்று மாதமாக வீங்கிய மூட்டு ஒரே நாளில் வற்றுகிறது என்றால், அந்தப் பொடியில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறது என்றுதான் நான் சந்தேகப்படுவேன்.

இப்படி ஒரு பொடியை இரண்டு வருடம் சாப்பிட்ட அம்மா ஒருவர் என்னிடம் வந்தார். வலி இல்லை என்பதால் எந்த டாக்டரிடமும் போகவில்லை. வரும்போது முகம் உருண்டு, கன்னம் பளபளவென்று இருந்தது. கையை மேஜை மேல் வைக்கச் சொன்னேன். நான்கு விரல்களும் சுண்டுவிரல் பக்கமாகச் சாய்ந்து போயிருந்தன. பொடி வலியை மட்டும் அமுக்கியிருக்கிறது, உள்ளே நோய் தன் வேலையைப் பார்த்திருக்கிறது. சர்க்கரை ஏறியிருந்தது, எலும்பும் மெலிந்திருந்தது. சாய்ந்த விரல்களை என்னால் நேராக்க முடியவில்லை. அந்தக் கைகளை இன்னும் மறக்க முடியவில்லை. அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

ஒருவேளை அந்தப் பொடியை ஏற்கெனவே சில வாரங்களாகச் சாப்பிட்டு வருகிறீர்கள் என்றால், சட்டென்று நிறுத்தவும் வேண்டாம். வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்துகொண்டிருந்தால் உடம்பு தானாகச் சுரப்பதைக் குறைத்துக்கொள்ளும். திடீரென நிறுத்தினால் மயக்கம், வாந்தி, ரத்த அழுத்தம் இறங்குவது என்று ஆபத்தில் முடியலாம். பொட்டலத்தோடு உங்கள் டாக்டரிடம் போய் உண்மையைச் சொல்லுங்கள். திட்டுவாரோ என்று மறைக்காதீர்கள்.

இது முடக்குவாதம்தானா, அதாவது உடம்பின் எதிர்ப்பு சக்தியே மூட்டுகளைத் தாக்கும் நோயா? நீங்கள் எழுதிய அடையாளங்கள் அந்தப் பக்கம்தான் கை காட்டுகின்றன. இரண்டு கையிலும் ஒரே மாதிரி, சிறிய மூட்டுகளில், காலை இறுக்கம் ஒரு மணி நேரத்தையும் தாண்டி. வயதானவர்களுக்கு வரும் மூட்டுத் தேய்மானத்தில் காலை இறுக்கம் பெரும்பாலும் அரை மணிக்குள் விட்டுவிடும், வேலை செய்யச் செய்ய வலி கூடும். முடக்குவாதம் நேர் எதிர்: ஓய்ந்து கிடந்தால் இறுகும், அசைய அசைய இளகும். ஆனால் ஆர்.ஏ. பாசிட்டிவ் என்ற ஒரே வரியை வைத்து நோயை முடிவு செய்யக்கூடாது. நோயே இல்லாத சிலருக்கும் அது பாசிட்டிவாக வரும். நோய் உள்ள சிலருக்கு நெகட்டிவாகவே இருக்கும். வலி தொடங்குவதற்கு முன் கடும் காய்ச்சல் வந்ததா என்றும் யோசித்துப் பாருங்கள். சிக்குன்குனியா வந்து போன பிறகு மாதக்கணக்கில் இதே மாதிரி மூட்டு வீங்குவது உண்டு. வந்திருந்தால் டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

அடுத்து வலி மாத்திரை. வயிறு எரிகிறது என்று எழுதியிருக்கிறீர்கள், டெல்மிசார்டனும் சாப்பிடுகிறீர்கள். இந்த இரண்டும் சேர்ந்ததுதான் எனக்குக் கவலை. டைக்ளோஃபினாக், அசிக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபன், எட்டோரிகாக்ஸிப் எல்லாம் ஒரே குடும்பத்து மாத்திரைகள். வயிற்றில் புண் ஆக்கும், பிரஷரை ஏற்றும், டெல்மிசார்டன் மாதிரி மாத்திரைகளோடு சேரும்போது சிறுநீரகத்துக்கும் பாரம். இதோடு தண்ணீர் குறைவாகக் குடித்தால், வாந்தி பேதி வந்தால், பாரம் இரட்டிப்பாகும். ஆகவே மெடிக்கலில் வாங்கியதை இப்போதைக்கு நிறுத்திவிட்டு, இந்த வாரமே உங்கள் ஊர் டாக்டரைப் பாருங்கள். பிரஷர் பார்த்து, சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனை ஒருமுறை எடுத்து, எந்த மாத்திரை எத்தனை நாள் என்று அவர் சொல்லட்டும். தேவைப்பட்டால் காலை உணவுக்கு அரை மணி முன் போடும் வயிற்று மாத்திரையையும் சேர்த்துத் தருவார். அவராகக் குறைந்த அளவில், குறைந்த நாளுக்கு ஸ்டீராய்டு எழுதிக் கொடுத்தால் பயப்பட வேண்டாம். அளவும் முடியும் தேதியும் தெரிந்த ஸ்டீராய்டு நல்ல மருந்து. அந்தப் பொடியில் அளவும் தெரியாது, தேதியும் தெரியாது.

அவரைப் பார்க்கும் வரை பாராசிட்டமால் 650 போடலாம். ஒன்று போட்டால் அடுத்ததற்கு ஆறு மணி நேரம் இடைவெளி, ஒரு நாளைக்கு நான்குக்கு மேல் கூடாது. கல்லீரல் கோளாறு இருந்தால் இதையும் கேட்காமல் போடாதீர்கள். மெடிக்கலில் தரும் பல வலி மாத்திரைகளில் பாராசிட்டமாலும் கலந்தே வருகிறது, அட்டையின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். தெரியாமல் இரண்டு பங்கு போய்விடும். முடக்குவாத வீக்கத்துக்குப் பாராசிட்டமால் முழுசாகக் கேட்காது என்பதும் உண்மை. வலியின் முனையை மழுக்கும், அவ்வளவே. டைக்ளோஃபினாக் ஜெல் மாத்திரையைவிட உடம்புக்குள் குறைவாகவே போகும், ஆனாலும் டாக்டரைக் கேட்டுவிட்டே தொடங்குங்கள். கையில் தடவினால் ஒரு மணி நேரம் கழுவாமல் இருக்க வேண்டும். அதனால் பாத்திரமெல்லாம் முடித்துவிட்டுத் தடவுங்கள். கண்ணில் படக்கூடாது.

காலைப் பொழுதுதான் உங்களுக்குப் பெரிய சோதனை. எழுந்ததும் அகலமான பாத்திரத்தில் கை தாங்கும் சூட்டில் வெந்நீர் வைத்து, மணிக்கட்டு வரை அமிழ்த்துங்கள். தண்ணீருக்குள்ளேயே விரல்களை மெல்ல மடக்கி, விரித்து, ஒவ்வொரு விரல் நுனியையும் கட்டை விரலில் தொட்டுப் பாருங்கள். பத்து நிமிடம் போதும். என்னிடம் வரும் பாட்டி ஒருவர், விடியற்காலையில் டீ டம்ளரை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் பிடித்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருப்பேன், டீ ஆறும்போது விரல் திறந்துவிடும் என்பார். அதுவும் வைத்தியம்தான். ஆனால் மூட்டு சிவந்து, தொட்டால் கொதிக்கிற நாளில் வெந்நீர் வேண்டாம். ஐஸ் கட்டியை மெல்லிய துண்டில் சுற்றிப் பத்து நிமிடம் வையுங்கள். வீங்கிய மூட்டை அழுத்தித் தேய்த்து விடுவது, சுளுக்கு எடுப்பவரிடம் காட்டுவது இரண்டும் கூடவே கூடாது.

இன்னொன்று, விரலில் மோதிரம் இருந்தால் இன்றைக்கே சோப்பு நுரை போட்டுக் கழற்றிவிடுங்கள். வீக்கம் கூடினால் வெட்டித்தான் எடுக்க வேண்டி வரும்.

தையலை அடியோடு விடச் சொல்ல மாட்டேன். அந்தக் காசு உங்கள் வீட்டுக்கு எவ்வளவு முக்கியம் என்று கடிதத்திலேயே தெரிகிறது. ஆனால் எந்த வேலை கையைக் கெடுக்கிறது என்று பிரித்துப் பாருங்கள். மெஷினில் நேர்த்தையல் ஓட்டுவது அவ்வளவு சிரமமில்லை. கத்தரிக்கோல் பிடித்துத் துணி வெட்டுவது, ஊசியை இரண்டு விரலால் இறுக்கிப் பிடித்து ஃபால் தைப்பது, ஹெம்மிங், கொக்கி கட்டுவது, இவைதான் விரல் மூட்டைப் பிழியும். இந்த ஏழு வாரமும் அவற்றை வேறு யாரிடமாவது கொடுங்கள், அல்லது அப்படிப்பட்ட ஆர்டரை எடுக்காதீர்கள். விரல் இளகிய பிறகு, பத்து மணிக்கு மேல் உட்காருங்கள். அரை மணிக்கு ஒருமுறை எழுந்து கையை உதறாமல் விரித்து மடக்குங்கள். வீட்டு வேலையிலும் இதே கணக்குதான்: சின்ன மூட்டு செய்வதைப் பெரிய மூட்டிடம் கொடுப்பது. பையை விரலில் மாட்டாமல் தோளில் போடுங்கள். குடத்தைப் பாதி நிரப்பி இரண்டு நடையாகக் கொண்டு வாருங்கள். சட்டியை விளிம்பில் கிள்ளித் தூக்காமல் இரண்டு உள்ளங்கையையும் அடியில் கொடுத்துத் தூக்குங்கள். ஈரத்துணியைப் பிழியாதீர்கள், கொடியில் அப்படியே போட்டுவிட்டால் வெயில் பார்த்துக்கொள்ளும். தேங்காய் துருவுவதும் மாவு பிசைவதும் வீட்டில் கை நன்றாக இருப்பவர்கள் பாடு. இரவில் மணிக்கட்டு வலி எழுப்பினால், மணிக்கட்டைத் தாங்கும் பட்டை ஒன்றைப் பிசியோதெரபிஸ்டிடம் அளவு பார்த்து வாங்கிப் போட்டுக்கொண்டு தூங்குங்கள்.

அசதியைப் பற்றி நீங்கள் எழுதவில்லை, ஆனால் இருக்கும். இந்த நோயில் உடம்பே அடித்துப் போட்ட மாதிரி இருக்கும், மதியத்துக்குமேல் கண் சொக்கும். அது சோம்பேறித்தனம் இல்லை, நோயின் பாகம். வீட்டில் உள்ளவர்களுக்கு இந்தப் பத்தியை வாசித்துக் காட்டுங்கள்.

சாப்பாட்டில் உருளைக்கிழங்கு, கத்தரிக்காய், தக்காளி வாயு என்று ஒதுக்க வேண்டியதில்லை. மீன், முட்டை, பயறு, கீரை எல்லாம் சாப்பிடுங்கள். வலியோடு பட்டினியும் சேர்ந்தால் உடம்பு தாங்காது.

இந்த ஏழு வாரத்தைச் சும்மா விடாதீர்கள். முடக்குவாதத்தில் முதல் சில மாதங்களுக்குள் சரியான மருந்தைத் தொடங்கினால் எலும்பு அரிப்பதைப் பெரும்பாலும் தடுக்கலாம்; உங்களுக்கு ஏற்கெனவே மூன்று மாதம் ஓடிவிட்டது. அதனால் உங்கள் டாக்டரையே நிபுணரோடு போனில் பேசச் சொல்லுங்கள். ஈ.எஸ்.ஆர். 68, கை வீக்கம், காலை இறுக்கம் என்று ஒரு டாக்டர் இன்னொரு டாக்டரிடம் சொல்லும்போது தேதி முன்னால் வர வாய்ப்பு உண்டு. வராவிட்டாலும் இடையில் என்ன கொடுக்கலாம் என்று அவர் சொல்லுவார். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை வெளிநோயாளர் பிரிவிலும் போய்க் காட்டலாம். சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் ருமட்டாலஜிக்குத் தனித்துறையே இருக்கிறது. உங்களுக்கு அது தூரம் என்பதால் முதலில் பக்கத்தில் விசாரியுங்கள்.

நிபுணர் முதல் நாள் கேட்கப்போகும் பரிசோதனைகளை இப்போதே உங்கள் டாக்டரிடம் எழுதி வாங்கி எடுத்துவிட்டால் இன்னொரு நடை மிச்சம். ஆன்டி சி.சி.பி. (முடக்குவாதத்தைக் கண்டறிய உதவும் ரத்தப் பரிசோதனை), சி.ஆர்.பி. (ஈ.எஸ்.ஆர். போல அழற்சியைக் காட்டுவது), ரத்த அணுக்கள் கணக்கு, கல்லீரல், சிறுநீரகம், ஹெபடைடிஸ் பி, சி, இரண்டு கை, இரண்டு பாத எக்ஸ்ரே, மார்பு எக்ஸ்ரே. வீக்கம் அதிகமாக இருக்கும் காலையில் போனில் கையைப் படம் எடுத்து வையுங்கள். நீங்கள் டாக்டர் முன்னால் உட்காரும் மதியத்தில் விரல் வற்றிப் போயிருக்கலாம். சாப்பிட்ட எல்லா மாத்திரை அட்டைகளையும், அந்தப் பொட்டலத்தையும் ஒரு பையில் போட்டுக் கொண்டு போங்கள்.

தேதிக்காகக் காத்திருக்கக்கூடாத நிலையும் உண்டு. ஒரே ஒரு மூட்டு மட்டும் திடீரென வீங்கிச் சிவந்து காய்ச்சலும் அடித்தால் மூட்டுக்குள் கிருமி புகுந்திருக்கலாம், அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மலம் தார் போலக் கறுத்தால், ரத்த வாந்தி வந்தால், சிறுநீர் குறைந்தால், மூச்சு வாங்கினால், கண் சிவந்து வலித்தால், கை கால் மரத்து வலு இழந்தால் இதே அவசரம்தான்.

கடைசியாக ஒன்று. நிபுணர் அநேகமாக மெத்தோட்ரெக்சேட் என்ற மாத்திரையை எழுதுவார். கர்ப்பத்துக்கு வாய்ப்பு இருந்தால் அவர் சீட்டு எழுதும் முன்பே சொல்லிவிடுங்கள், கருவில் உள்ள குழந்தைக்கு அது ஆகாது. அந்த மாத்திரை வாரத்துக்கு ஒரு நாள் மட்டும்தான். தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து. எந்தக் கிழமை என்று சீட்டில் தமிழில் எழுதித் தரச் சொல்லி, மருந்துக் கடையிலும் அதைக் காட்டி, வீட்டு காலண்டரில் அந்தக் கிழமையைச் சிவப்பு மையால் வட்டம் போட்டு வையுங்கள்.