மரப்பலகையும் ஜி.ஐ. பைப்பும் (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்) வைத்து வீட்டிலேயே படிக்கிற மேசை செய்யலாமா?

செய்யலாம். கடையில் வாங்குவதே மேல் என்று உங்கள் வீட்டில் சொல்கிறார்கள் என்றீர்கள். என் வீட்டிலும் அதையேதான் சொன்னார்கள்.

காவேரிப்பட்டணம் பக்கம் எங்களுக்கு ஒரு சின்ன மாந்தோப்பு. மாமனார் வைத்த பெங்களூரா ரக மாமரம் ஒன்று காற்றில் சாய்ந்துவிட்டது. விறகுக்குக் கொடுக்க மனசு வராமல் ஒன்றேகால் அங்குலப் பலகையாக அறுத்து வைத்தேன். "மாமரம் உளுத்துடும்மா, மேசைக்கு ஆகாது" என்றார் ஆசாரி. அவர் சொன்னது சரிதான், பச்சையாகப் போட்டால் வண்டு துளைத்து மாவாகக் கொட்டும். இடையிடையே ரீப்பர் கட்டை வைத்து அடுக்கி, நிழலில் ஒன்றரை வருஷம் காயவிட்டு, பூச்சி மருந்து அடித்த பிறகுதான் இழைக்கக் கொடுத்தேன். பிளைவுட் போட்டால் இந்தப் பாடு இல்லையே என்பீர்கள். உண்மை, தாராளமாகப் போடுங்கள். எனக்கு அந்த மரம்தான் வேண்டியிருந்தது.

மேசை 4 அடிக்கு 2 அடி, உயரம் 29 அங்குலம். காலுக்கு 1 அங்குல ஜி.ஐ. பைப், 20 அடி ஒன்று வாங்கினால் குறுக்குக்கும் சேர்த்துப் போதும். நான் முதலில் நாலு காலையும் ஃபிளாஞ்ச் (பைப் முனையைப் பலகையோடு பிடிக்கிற ஓட்டை போட்ட வட்டத் தகடு) வைத்துப் பலகையில் திருகி அப்படியே நிறுத்திவிட்டேன். மகள் உட்கார்ந்து ரப்பரால் அழித்தாள், டம்ளரில் இருந்த தண்ணீர் தளும்பியது. குறுக்குப் பைப் இல்லாமல் வெறும் மரையை நம்பினால் ஆடத்தான் செய்யும். அப்புறம் கால்களை வெட்டி, குறுக்குப் பைப் மாட்ட 'டீ' (T வடிவ இணைப்பு) போட்டேன். குறுக்குப் பைப்பை மாட்டப் போனால், ஒரு முனையை இறுக்க இறுக்க மறுமுனை கழல்கிறது! அரை நாள் மல்லுக்கட்டினேன். பக்கத்துத் தெரு பிளம்பர் தம்பி வந்து, "நடுவுல ஒரு யூனியன் போடணும்க்கா" என்றார். யூனியன் என்றால் பைப்பைச் சுற்றாமலே இரண்டு துண்டைச் சேர்த்து இறுக்குகிற இணைப்பு. ஒவ்வொரு குறுக்குப் பைப்பையும் இரண்டாக வெட்டி, மரை போட்டு, யூனியனில் சேர்த்ததும் அசையாமல் நின்றது.

ஃபிளாஞ்ச் ஓட்டையைப் பலகையின் அகலவாக்கில் அரத்தால் கொஞ்சம் நீட்டிவிடுங்கள். மரம் மழைக்காலத்தில் அகலத்தில் விரியும், கோடையில் சுருங்கும், இடம் கொடுக்காவிட்டால் வெடித்துவிடும். ஜி.ஐ. பைப்பில் வெல்டிங் மட்டும் வைக்காதீர்கள், துத்தநாகப் புகை காய்ச்சலில் கொண்டுபோய் விடும்.

கேட்காததையும் சொல்லிவிடுகிறேன். மரம் சாய்ந்த அந்த வருஷம் மாங்கூழுக்கு எங்கள் காயைக் கிலோ 5 ரூபாய்க்குக் கேட்டார்கள். பறிப்புக் கூலிக்கும் வண்டி வாடகைக்கும் அது கட்டாது. பக்கத்துத் தோப்புக்காரர் பாதி மரத்தை வெட்டி பிளாட் போட்டுவிட்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை, வயிறு எரிந்ததுதான் மிச்சம்.

பைப், ஃபிட்டிங், இழைப்புக் கூலி எல்லாம் சேர்த்து மேசைக்கு 4,800 ரூபாய் ஆனது. மரத்துக்கு நான் விலை போடவில்லை.