ஆஸ்பத்திரிக் கட்டிலில் நனைகிறதா? வாசகர் கேள்வி – பதில்

கட்டுப்படாமல் சிறுநீர், மலம் போய்விடுவது பற்றி, நோயாளிக்குத் துணையாக ஆஸ்பத்திரியில் இருப்பவர்கள் எழுதிய கடிதங்கள் இந்த முறை. டாக்டரிடம் கேட்கக் கூச்சம், சிஸ்டரிடம் கேட்கத் தயக்கம் என்று பாதிப் பேர் எழுதியிருக்கிறீர்கள். இதைக் கேட்காத நாளே வார்டில் கிடையாது, தைரியமாகக் கேளுங்கள்.

அப்பாவுக்கு 68 வயது. இதயம் பலவீனம், கால் வீக்கம் என்று மதுரையில் சேர்த்திருக்கிறோம். வீட்டில் ஒருநாளும் இப்படி இல்லை. சேர்த்த மறுநாளிலிருந்து பாத்ரூம் போய்ச் சேர்வதற்குள் கைலி நனைந்துவிடுகிறது. சிறுநீர் டியூப் (கதீட்டர்) போட்டுவிடச் சொல்லலாமா? – வாசகி, மேலூர்

இப்போதைக்கு வேண்டாம். கால் வீக்கம் வடிய, சிறுநீரை அதிகம் போகவைக்கும் லாசிக்ஸ் மருந்து கொடுத்திருப்பார்கள். அதை ஊசியாக நரம்பில் போட்டால் ஐந்து நிமிடத்தில் வேலையைத் தொடங்கும், இரண்டு மணி நேரம் நீடிக்கும். மாத்திரை என்றால் ஒரு மணி நேரத்துக்குள் தொடங்கி ஆறிலிருந்து எட்டு மணி நேரம் வரை போகும். அந்த நேரத்தில் எந்த வயதுக்காரருக்கும் அவசரமாகத்தான் வரும். உங்கள் அப்பா அதோடு கையில் டிரிப், உயரமான கட்டில், வார்டின் கடைசியில் பாத்ரூம், அங்கே வரிசை என்று எல்லாவற்றையும் தாண்ட வேண்டியிருக்கிறது.

ஆகவே பாத்ரூமைக் கட்டிலுக்குக் கொண்டுவாருங்கள். யூரின் கேன் அவர் கை எட்டும் பக்கம் தொங்க வேண்டும். டிரிப் வலது கையில் ஏறினால் கேன் இடது பக்கம். கட்டிலுக்கு அடியில் வைத்தால் எடுக்கக் குனிந்து விழுவார். படுத்தபடி போனால் ஆண்களுக்குச் சிறுநீர்ப்பை முழுதாகக் காலியாகாது. சிஸ்டர் அனுமதித்தால் கட்டில் விளிம்பில் உட்காரவைத்து, பாதம் இரண்டும் தரையில் அழுந்தும்படி செய்து, கேனைப் பிடியுங்கள். எலாஸ்டிக் வைத்த பைஜாமா வேண்டாம், கைலியே சரி. ஊசி போட்டதும் கால் மணி நேரத்துக்கு ஒருமுறை நீங்களாகவே கேனை நீட்டுங்கள், "வருதாப்பா?" என்று கேட்டுக்கொண்டிருக்காதீர்கள். மற்ற நேரத்தில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை போதும்.

இரண்டாவது வேளை மருந்து ராத்திரி எட்டு மணிக்கு விழுகிறதா என்று பாருங்கள். பிற்பகல் நான்கு மணிக்குள் மாற்ற முடியுமா என்று ரவுண்ட்ஸில் கேளுங்கள். பல நேரம் மாற்றித் தருவார்கள், தூக்கமும் மிஞ்சும்.

டியூப் உள்ளே இருக்கிற ஒவ்வொரு நாளும் சிறுநீரில் கிருமி தொற்றும் வாய்ப்பு ஏறிக்கொண்டே போகும். சிறுநீர் அடைத்துக்கொண்டால், பெரிய ஆபரேஷன் நடந்தால், மணிக்கு மணி அளவு பார்க்க வேண்டிய கவலைக்கிடமான நிலை என்றால் போட்டே ஆக வேண்டும். கைலி நனைகிறது என்பது மட்டும் அதற்குக் காரணமாகாது. ராத்திரிக்கு மட்டும் ஆணுறை போல மேலே மாட்டும் காண்டம் கதீட்டர் ஆண்களுக்கு உண்டு. உள்ளே எதுவும் போகாது. அதைப் பற்றிக் கேளுங்கள்.

சிறுநீர் அளவை எழுதச் சொல்லியிருந்தால், டயப்பரில் போனதையும் விடாமல் எழுதலாம். காய்ந்த டயப்பரைச் சமையல் தராசில் ஒருமுறை எடைபோட்டு வைத்துக்கொள்ளுங்கள். நனைந்ததன் எடையிலிருந்து அதைக் கழித்தால், ஒரு கிராமுக்கு ஒரு மில்லி என்று கணக்கு.

அப்பத்தாவுக்கு இடுப்பெலும்பு முறிந்து ஆபரேஷன் முடிந்து ஆறு நாள். டயப்பர்தான். தொடை இடுக்கு சிவந்து தோல் உரிகிறது. பவுடர் போட்டும் கேட்கவில்லை. – வாசகர், உசிலம்பட்டி

பவுடரை நிறுத்துங்கள். ஈரத்தோடு சேர்ந்து அது மடிப்புகளில் களியாகி உரசும். தண்ணீரில் டெட்டால் கலக்கிறீர்களா? அதையும் நிறுத்துங்கள், உரிந்த தோலில் எரிச்சல்தான் கூடும்.

டயப்பர் மாற்றும் முறையில்தான் பாதி விஷயம் இருக்கிறது. புதிய டயப்பரை நீளவாக்கில் பாதி மடித்துத் தயாராக வையுங்கள். மல்லாந்து படுத்திருக்கும்போதே பழையதன் ஒட்டுகளைப் பிரித்து, முன்பக்கத்தை உள்நோக்கிச் சுருட்டிக் கால்களுக்கு நடுவே விடுங்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த மெல்லிய துணியால் முன்னிருந்து பின்னாகத் துடையுங்கள். பெண்களுக்குப் பின்னிருந்து முன்னால் துடைத்தால் மலத்திலுள்ள கிருமி சிறுநீர்ப் பாதைக்குப் போய்விடும். அடுத்து ஒருக்களித்துத் திருப்ப வேண்டும். இடுப்பு ஆபரேஷன் ஆனவரை எந்தப் பக்கம் திருப்பலாம், முழங்கால்களுக்கு நடுவே தலையணை வேண்டுமா என்பதைச் சிஸ்டரைக் கேட்டு, முதல் தடவை அவர் முன்னால் செய்து பாருங்கள். அழுக்கு உள்ளே போகும்படி பழையதைச் சுருட்டி உருவுங்கள். பின்புறத்தைத் துடைத்து, தேய்க்காமல் ஒற்றி ஒற்றி உலரவிடுங்கள். ஐந்து நிமிடம் காற்றாடட்டும்.

பிறகு ஜிங்க் ஆக்சைடு களிம்பை மெலிதாகத் தடவுங்கள். அப்பிவிட்டால் அது டயப்பரின் துளைகளை அடைத்து, ஈரம் உறிஞ்சாமல் போய்விடும். மறுமுறை அழுக்குப் பட்ட இடத்தை மட்டும் வழித்தால் போதும். பழைய களிம்பு முழுவதையும் சுரண்டாதீர்கள்.

புதியதை மாட்டியதும் தொடையோரம் உள்ள மடிப்பை விரலால் வெளியே இழுத்துவிடுங்கள். அது உள்ளே மடங்கிக் கிடந்தால்தான் பக்கவாட்டில் ஒழுகும். கீழ் ஒட்டுகளைச் சற்று மேல்நோக்கியும் மேல் ஒட்டுகளைச் சற்றுக் கீழ்நோக்கியும் ஒட்ட வேண்டும். இடுப்பில் இரண்டு விரல் நுழையும் இடம் இருக்கட்டும். (ஆண்களுக்கு உறுப்பு கீழ்நோக்கி இருக்க வேண்டும், மேல்நோக்கி இருந்தால் வயிற்றுப் பக்கம் நனையும்.) ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு டயப்பர் போடுகிறவர்கள் நிறைய. உள்ளே இருப்பதன் பிளாஸ்டிக் அடிப்புறம் தாண்டி ஈரம் வெளியேதற்குப் போகாது. காசும் போய், சூடும் ஏறும்.

பகலில் முடிந்தவரை டயப்பர் இல்லாமல் வைத்திருங்கள். மெத்தை மேல் ரப்பர் ஷீட், நடுமுதுகிலிருந்து முழங்கால் வரை மறைக்க ஒரு மீட்டர் போதும். அதன்மேல் நாலாக மடித்த பழைய சுங்குடிச் சேலை. துவைத்துத் துவைத்து நைந்த பருத்தி, ஈரத்தை நன்றாக இழுக்கும், உரசாது. ரப்பர் நேராக உடம்பில் படக்கூடாது, வியர்த்து வெந்துவிடும். நான்கு சேலை இருந்தால் ஒருநாள் ஓட்டலாம்.

சிவப்பைச் சுற்றிச் சின்னச் சின்னப் பொரிகள் இருந்தால் பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். மெடிக்கலில் கேட்டு ஸ்டீராய்டு கலந்த களிம்பு வாங்கிப் போடாதீர்கள், டாக்டரிடம் காட்டுங்கள். சிவப்பு தொடை இடுக்கில் பரவலாக இல்லாமல், முதுகுத்தண்டின் அடியில் எலும்பு தட்டும் இடத்திலோ குதிகாலிலோ இருக்கிறதா? விரலால் அழுத்தி எடுத்தால் வெளுக்காமல் சிவப்பாகவே இருக்கிறதா? அப்படியானால் அது படுக்கைப்புண்ணின் தொடக்கம். களிம்பு போதாது, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்கவைத்தே ஆக வேண்டும்.

மாமனாருக்கு ஐந்து நாளாகச் சரியாக வெளிக்குப் போகவில்லை. நேற்றிலிருந்து தண்ணியாகக் கசிந்துகொண்டே இருக்கிறது. பேதியை நிறுத்த மாத்திரை வாங்கிக் கொடுக்கவா? – வாசகி, திருமங்கலம்

கொடுத்துவிடாதீர்கள். கெட்டி மலம் ஆசனவாய்க்கு மேலே கல் போல அடைத்துக்கொண்டு, அதன் ஓரமாக வழிகிற நீர்தான் இப்படிப் பேதி போலத் தெரியும். பேதியை நிறுத்தும் மாத்திரை அடைப்பை இன்னும் இறுக்கும். "அஞ்சு நாளா போகல, இப்ப கசியுது" என்று இந்த இரண்டையும் சேர்த்தே டாக்டரிடம் சொல்லுங்கள். கசிவை மட்டும் சொன்னால் பேதி என்றே எழுதிக்கொள்வார்கள். விரலால் சோதித்து, எனிமா கொடுத்து வெளியே எடுப்பார்கள். அடைத்த மலம் சிறுநீர்ப்பையையும் அழுத்தும். மலம் போனதும் சிறுநீர்க் கசிவும் நின்றுபோவது உண்டு.

கணவருக்குக் கதீட்டர் போட்டிருக்கிறார்கள். அப்படியும் டியூப் ஓரமாக ஒழுகுகிறது. பெரிய டியூப் மாற்றச் சொல்லவா? – வாசகி, செல்லூர்

முதலில் டியூப் தொடைக்கடியில் மடங்கிக் கிடக்கிறதா என்று பாருங்கள். பல நேரம் அதுவாக இருக்கும். மடங்கவில்லை, ஆனால் பையில் இரண்டு மணி நேரமாக எதுவும் ஏறவில்லை, அடிவயிறு உப்பியிருக்கிறது என்றால் உள்ளே அடைப்பு. உடனே சிஸ்டரைக் கூப்பிடுங்கள். பையிலும் ஏறுகிறது, ஓரத்திலும் ஒழுகுகிறது என்றால் டியூப் உறுத்திச் சிறுநீர்ப்பை சுண்டி இழுக்கிறது. அதற்கு மருந்து இருக்கிறது. பெரிய டியூப் போட்டால் உறுத்தல்தான் கூடும்.

ஸ்கேனுக்கு ஸ்ட்ரெச்சரில் தள்ளிப்போகும்போது பையைத் தூக்கி வயிற்றின் மேல் வைப்பதை எந்த ஆஸ்பத்திரியிலும் பார்க்கலாம். தயவுசெய்து வேண்டாம், பையிலிருப்பது திரும்ப உள்ளே ஓடும். எப்போதும் இடுப்புக்குக் கீழே தொங்கட்டும், தரையில் மட்டும் படக்கூடாது. மூன்றில் இரண்டு பங்கு நிறைந்ததும் காலி செய்யுங்கள். டியூபை எடுத்த பிறகு ஆறிலிருந்து எட்டு மணி நேரத்துக்குள் தானாகப் போக வேண்டும். போகாவிட்டாலும், சொட்டுச் சொட்டாக மட்டும் போனாலும் சொல்லிவிடுங்கள்.

தண்ணீரைக் குறைத்தால் நனைவது குறையுமா? – வாசகர், வாடிப்பட்டி

குறையாது. சிறுநீர் கெட்டியாகிச் சிறுநீர்ப்பையை உறுத்தி இன்னும் அவசரப்படுத்தும், மலமும் இறுகும். டாக்டர் அளவு சொல்லியிருந்தால் அந்த அளவு, இல்லையென்றால் ஒன்றரை லிட்டராவது குடிக்கட்டும். குறைக்க வேண்டியது, சாயங்காலம் பார்க்க வருகிறவர்கள் பிளாஸ்கில் கொண்டுவரும் காபியை.

தம்பிக்கு 34 வயது. முதுகுவலிக்காகச் சேர்த்தோம். சிறுநீர் போவதே தெரியவில்லை என்கிறான். யாரிடமும் சொல்லாதே என்கிறான். – வாசகர், மதுரை

உங்களுக்குத் தனியாக உடனே பதில் அனுப்பிவிட்டோம். மற்றவர்களுக்காக இங்கே. முதுகுவலியோடு சிறுநீர், மலம் போவது தெரியாமல் போனால், உட்காரும் இடம் மரத்துப்போனால், கால் வலுவிழந்தால், முதுகுத்தண்டின் அடியில் நரம்புக் கற்றை நசுங்குகிறது என்று அர்த்தமாக இருக்கலாம். மணிக்கணக்கில் தாமதித்தாலும், சிறுநீர், மலக் கட்டுப்பாடும் கால் வலுவும் திரும்பக் கிடைக்காமல் போகக்கூடும். ராத்திரி இரண்டு மணியானாலும் டூட்டி டாக்டரை எழுப்பலாம்.