டாட் காமா, டாட் ஏஐயா? டொமைன் (இணைய முகவரிப் பெயர்) விற்க நினைப்பவர்களுக்குச் சில பதில்கள்

இரண்டு சொல் சேர்ந்த டாட் காம் ஒன்றும், அதே பெயரில் டாட் நெட்டும் வைத்திருக்கிறேன். தனித்தனியாக விற்றால் கூடுதலாகக் கிடைக்குமா? (திருப்பூர்)

சேர்த்தே விற்றுவிடுங்கள். டாட் நெட்டுக்குத் தனியாக டாட் காம் விலையில் பத்தில் ஒரு பங்கு வந்தாலே பெரிது. அதை வாங்க நல்ல காரணம் உள்ள ஒரே ஆள் டாட் காம்காரர்தான். அது இப்போது நீங்கள்!

டாட் காம் கிடைக்காவிட்டால் டாட் கோ போதும் என்கிறார்களே? (சென்னை)

அமெரிக்காவில் ஓவர்ஸ்டாக் என்ற பெரிய ஆன்லைன் கடை 'ஓ.கோ' என்ற பெயரைச் சுமார் 3.5 லட்சம் டாலர் கொடுத்து வாங்கியது. 2011ல் கடையின் பெயரையே அப்படி மாற்றி விளம்பரமும் செய்தார்கள். மக்களோ பழக்கதோஷத்தில் 'ஓ.காம்' என்று அடித்தார்கள். ஒற்றை எழுத்து டாட் காம்களில் பெரும்பாலானவை யாருக்கும் கொடுக்காமல் ஒதுக்கி வைக்கப்பட்டவை, அங்கே கடையும் இல்லை, கதவும் இல்லை. சில மாதங்களிலேயே பழைய பெயருக்குத் திரும்பிவிட்டார்கள். டாட் கோ விற்காது என்று சொல்லவில்லை. அதே பெயரின் டாட் காமில் யாராவது தொழில் நடத்துகிறார்களா என்று முதலில் பாருங்கள். நடத்தினால், உங்களிடம் வாங்குபவரின் மின்னஞ்சலில் பாதி அங்கே போய் விழும். அது தெரிந்த ஆள் விலையைக் குறைத்துத்தான் கேட்பார்.

ஆஃபரில் ஒன்று 99 ரூபாய் என்று புது எக்ஸ்டென்ஷன்களில் 40 பெயர் பதிவு செய்தேன். டாட் எக்ஸ்ஒய்இசட், டாட் ஆன்லைன், டாட் ஸ்டோர் எல்லாம் இருக்கிறது. இரண்டு விற்றாலே போட்டது வந்துவிடும் அல்லவா? (சேலம்)

ரினியூவல் விலையைப் பார்த்தீர்களா? பார்க்கவில்லை என்று கடிதமே சொல்கிறது. 99 ரூபாய் முதல் வருடத்துக்கு மட்டும். அடுத்த வருடம் ஒவ்வொன்றும் ஆயிரத்திலிருந்து மூவாயிரம் வரை போகும். 40 பெயருக்கு எண்பதாயிரம், ஒரு லட்சம் என்று நிற்கும். டொமைன் வியாபாரத்தில் கையிருப்பில் வருடத்துக்கு நூற்றில் ஒன்றிரண்டு விற்றாலே நல்ல கை. அப்படியானால் உங்கள் 40ல் ஒன்று விற்பதற்குள் எத்தனை ரினியூவல் கட்டுவீர்கள்?

இதில் எனக்குப் பல வருடக் கோபம் உண்டு. டாட் காமை நடத்தும் வெரிசைன் நினைத்தபடி விலையேற்ற முடியாது, ஒப்பந்தத்தில் உச்சவரம்பு இருக்கிறது. மொத்த விற்பனை விலை இன்னும் பத்து டாலர் சுற்றித்தான். 2013க்குப் பிறகு வந்த புது எக்ஸ்டென்ஷன்களுக்கு அந்த வரம்பே கிடையாது. ஆறு மாதம் முன்னால் நோட்டீஸ் கொடுத்தால் போதும். 2017ல் யூனிரெஜிஸ்ட்ரி என்ற நிறுவனம் தன் எக்ஸ்டென்ஷன்கள் சிலவற்றின் விலையைப் பல மடங்கு உயர்த்தியது. சிலவற்றில் உயர்வு 3,000 சதவீதம் வரை! டொமைன் விற்கும் கோடாடி நிறுவனம் அவற்றைப் புதிதாக விற்பதையே நிறுத்தியது. அப்புறம் பிரீமியம் பெயர்கள். நல்ல சொல்லாக இருந்தால், அந்த எக்ஸ்டென்ஷனை நடத்தும் ரெஜிஸ்ட்ரியே அதைத் தனியாக எடுத்து வைத்து, பதிவுக்கு மட்டுமில்லாமல் ஒவ்வொரு வருட ரினியூவலுக்கும் நூறு, ஆயிரம் டாலர் என்று கேட்கும். அதாவது மறுவிற்பனையில் உங்களுக்கு வரவேண்டிய லாபத்தை ரெஜிஸ்ட்ரி முன்கூட்டியே எடுத்துக்கொண்டுவிட்டது. உங்களிடம் வாங்குகிறவரும் அந்த வருடக் கட்டணத்தைக் கணக்குப் போட்டுத்தான் விலை பேசுவார்.

கூகுளின் தாய் நிறுவனம் ஆல்ஃபபெட் ஏபிசி.எக்ஸ்ஒய்இசட் வைத்திருக்கிறதே என்று இன்னொரு வாசகர் கேட்கிறார். கூகுளுக்கு விலாசம் தேடி யாரும் வரவேண்டியதில்லை, உங்களுக்கு வரவேண்டும். நாற்பதில் தேறுகிற இரண்டை வைத்துக்கொண்டு மீதியைக் காலாவதியாக விடுங்கள். அந்த இரண்டுக்கும் ரினியூவல் விலையைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

டாட் ஏஐ இப்போது நல்ல முதலீடா? (கோவை)

சொல்லைப் பொறுத்தது. யூ.ஏஐ 2023ல் 7 லட்சம் டாலருக்குப் போனது. அது ஆங்கிலத்தில் எல்லோருக்கும் தெரிந்த மூன்றெழுத்துச் சொல். நீங்கள் அனுப்பிய பட்டியலில் நான்கு சொல்லை ஒட்டவைத்த பெயர்கள்தான் இருக்கின்றன. அவற்றை டாட் காமிலேயே யாரும் கேட்கமாட்டார்கள். டாட் ஏஐ என்பது கரீபியன் தீவான அங்குயிலாவின் நாட்டுக்குறி. குறைந்தது இரண்டு வருடத்துக்குப் பணம் கட்டவேண்டும், அதுவே ஒரு பெயருக்குப் பன்னிரண்டாயிரம் ரூபாய்க்குக் குறையாது. ரினியூவலும் அப்படித்தான். இன்னொன்றையும் கவனியுங்கள்: சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓபன்ஏஐ இருப்பது டாட் காமில். 2023ல் 1.55 கோடி டாலருக்குக் கைமாறிய சாட்.காமும் கடைசியில் அவர்களிடமே போய்ச் சேர்ந்தது.

என் டொமைன் எவ்வளவுக்குப் போகும்? (ஊர் எழுதவில்லை)

பெயரையும் எழுதவில்லை.

பிரபல கம்பெனி ஒன்றின் புது பிராண்டு பெயரை டாட் இன்னில் பிடித்துவிட்டேன். அவர்களிடமே விலை பேசலாமா? (மதுரை)

பேசாதீர்கள். டாட் இன் பெயர்த் தகராறுகளுக்கான ஐஎன்டிஆர்பி விதிப்படி, டிரேட்மார்க் உடையவருக்கே லாபத்துக்கு விற்க முயன்றதை உங்கள் கெட்ட எண்ணத்துக்குச் சாட்சியாக எடுத்துக்கொள்வார்கள். பெயரும் போகும், வக்கீல் செலவும் வரும். இதை எத்தனை முறை எழுதினாலும் மாதம் ஒருவர் கேட்கிறார்.

டாட் இன், டாட் கோ டாட் இன், எதற்கு மதிப்பு? வங்கி, கடன் சார்ந்த டாட் இன் பெயர்கள் சில வைத்திருக்கிறேன். (திருச்சி)

டாட் இன். 2005ல் அது எல்லோருக்கும் திறக்கும் முன்பு கோ டாட் இன்தான் வழி, அதனால் பழைய நிறுவனங்கள் அங்கேயே தங்கிவிட்டன. புதிதாக வருகிறவர்கள் தேடுவது குட்டையானதை. ஆனால் வாங்குபவர் இந்தியாவுக்குள் மட்டும்தான் இருப்பார், அந்த அளவுக்கே விலை.

வங்கிப் பெயர்களைக் காலாவதியாக விட்டுவிடுங்கள். வங்கிகள் எல்லாம் 2025 அக்டோபர் 31க்குள் 'பேங்க் டாட் இன்' முகவரிக்கு மாறவேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. அந்த முகவரிகளைத் தரும் ஒரே பதிவாளர், ரிசர்வ் வங்கி நிறுவிய ஐடிஆர்பிடி. வங்கி எதுவும் இனி உங்களிடம் வராது. வருகிறவர்கள் மோசடிக்காரர்களாக இருக்க வாய்ப்பு அதிகம்.

டாட் ஐஓ ஒழிந்துவிடுமாமே? (பெங்களூரு)

டாட் ஐஓ என்பது இந்தியப் பெருங்கடலில் பிரிட்டன் வசமுள்ள சாகோஸ் தீவுகளின் நாட்டுக்குறி. அந்தத் தீவுகளை மொரீஷியஸிடம் ஒப்படைப்பதாக 2024 அக்டோபரில் பிரிட்டன் அறிவித்ததிலிருந்து இந்தப் பேச்சு. நாளைக்கே ஒழியாது. ஆனால் நாட்டுக்குறி என்றால் அரசியலும் சேர்ந்தே வரும். பிரெக்ஸிட்டுக்குப் பிறகு பிரிட்டனில் இருந்தவர்கள் பலர் தங்கள் டாட் ஈயூ பெயர்களை இழந்தார்கள். டாட் ஐஓவுக்கு இப்போது நியாயமான விலை கேட்டு ஆள் வந்தால் கொடுத்துவிடுங்கள்.

'டாட் இந்தியா' என்று தமிழிலேயே முடியும் முகவரி வாங்கினால் பின்னால் விலை ஏறுமா? (தஞ்சாவூர்)

உங்கள் கடைக்கு, உங்கள் பத்திரிகைக்கு என்றால் தாராளமாக வாங்குங்கள். விற்க என்றால் வேண்டாம். பல இடங்களில் அந்த முகவரி 'எக்ஸ்என்' என்று தொடங்கும் ஆங்கிலக் குப்பையாகத் தெரியும், அந்த மின்னஞ்சலை ஏற்காத படிவங்களும் ஏராளம். மறுவிற்பனைச் சந்தை என்று சொல்லும்படி இன்னும் எதுவும் இல்லை. அப்படியே வாங்கினாலும், ரினியூவல் விலையைப் பார்த்துவிட்டு.