புராஸ்டேட் என்ற பெயரின் பொருளும் பிறப்பும்

தண்டையார்பேட்டையில் எடுத்த ஸ்கேன் அறிக்கையில் தங்கள் தந்தையாருக்கு ‘புராஸ்டேட் வீக்கம்’ என்று எழுதியிருப்பதைக் கண்டு, அது எந்த உறுப்பு, அப்பெயர் எங்கிருந்து வந்தது என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஆண்களின் சிறுநீர்ப்பைக்கு நேர் கீழே, சிறுநீர் வெளியேறும் குழாயைச் சுற்றி அமைந்து, விந்து நீரின் ஒரு பகுதியைச் சுரக்கும் சுரப்பி அது. இளம் வயதில் அதன் எடை ஏறத்தாழ 20 கிராம்.

பெயர் கிரேக்க மொழியிலிருந்து வந்தது. ‘புரோஸ்டாடெஸ்’ என்றால் முன்னே நிற்பவன், காவலன் என்று பொருள். சிறுநீர்ப்பையின் வாயிலில் நிற்கும் உறுப்புக்குப் பொருத்தமான பெயர்தான். தமிழில் ‘முன்னிற்குஞ்சுரப்பி’ என்று எழுதுவதும் இதே பொருளில்தான். வெனிஸ் மருத்துவர் நிக்கோலோ மாஸா 1536இல் இச்சுரப்பியை விவரித்தார். 1538இல் உடற்கூற்று அறிஞர் வெசாலியஸ் அதைப் படமாக வரைந்தார். ஆனால் இன்றைய பெயர், 1600இல் பிரெஞ்சு மருத்துவர் ஆண்ட்ரே டு லாரன்ஸ் எழுதிய உடற்கூற்று நூலுக்குப் பிறகே நிலைபெற்றது. அக்காலத்தில் இதை இரட்டை உறுப்பென்று கருதியதால், அப்பெயரைப் பன்மையில் வழங்கினார்கள்.

ஐம்பது வயதுக்கு மேல் இது பெருப்பது மிகவும் சாதாரணம். பெருத்தாலே புற்றுநோய் என்று அஞ்ச வேண்டியதில்லை. குழாய் நெருக்கப்படுவதால்தான் சிறுநீர் முக்கிப் போவதும், சொட்டுச் சொட்டாக முடிவதும், இரவில் பலமுறை எழ நேர்வதும். அறிக்கையுடன் ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் சிறுநீரியல் பிரிவில் காட்டுங்கள். சிறுநீர் அறவே நின்றுவிட்டால், ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காமல் அவசரப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள்.