தங்கைமேல்தான் தவறு என்றாலும் நானே முதலில் போகவேண்டுமா?

ஒரு சகோதரி கேட்டிருக்கிறார்: "அம்மாவை யார் பார்த்துக்கொள்வது என்பதில் எனக்கும் தங்கைக்கும் வாக்குவாதம் முற்றிவிட்டது. கோபத்தில், 'உனக்கு அம்மாவைவிட வேலைதான் பெரிசு' என்று சொல்லிவிட்டேன். அவளும் பதிலுக்குக் கடுமையாகப் பேசினாள். இரண்டு மாதமாகப் பேச்சுவார்த்தை இல்லை. ஒரே சபைக்குத்தான் போகிறோம், ஆளுக்கொரு பக்கம் உட்காருகிறோம். தவறு அவள்மேல்தான் அதிகம். நான் ஏன் முதலில் போகவேண்டும்? இந்த மனநிலையில் திருவிருந்தில் (அப்பமும் திராட்சரசமும் பகிரும் ஆராதனையில்) பங்குபெறலாமா?"

சகோதரி, மத்தேயு 5:23, 24 வசனங்களை நிதானமாக வாசியுங்கள். நமக்கு மனப்பாடமான பகுதிதான். அதனாலேயே ஒரு சொல்லைக் கவனிக்காமல் தாண்டிவிடுகிறோம். பலிபீடத்தில் காணிக்கை செலுத்த வந்த இடத்தில், "உன்பேரில் உன் சகோதரனுக்குக் குறை உண்டென்று" நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு, முதலில் போய் அவனோடு ஒப்புரவாகு என்கிறார் இயேசு. அவன்மேல் உனக்குக் குறை இருந்தால் என்று சொல்லவில்லை. அந்தக் குறை நியாயமானதா, யார் பக்கம் எவ்வளவு தவறு என்ற கணக்கும் அங்கே இல்லை. உங்கள்மேல் அவளுக்கு வருத்தம் இருக்கிறது, அது உங்களுக்கும் தெரியும். புறப்பட அவ்வளவு போதும்.

இதைக் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் கலிலேயாவில் இருந்தார்கள். பலிபீடமோ எருசலேமில், 100 கிலோமீட்டருக்கும் அப்பால், பல நாள் நடை. காணிக்கையை வைத்துவிட்டு ஊர் திரும்பி, ஒப்புரவாகி, மறுபடி வரவேண்டும் என்றால் எவ்வளவு அலைச்சல்! உங்கள் தங்கை நாலு பெஞ்சு தள்ளித்தான் உட்கார்ந்திருக்கிறாள்.

சரி, தவறு முழுக்க அவளுடையது என்றே வைத்துக்கொள்வோம். அதற்கு மத்தேயு 18:15 இருக்கிறது. உனக்கு விரோதமாகக் குற்றம் செய்தவனிடம் நீயே போய், தனித்திருக்கையில் பேசு என்கிறது. ஆக, நீங்கள் குற்றம் செய்தவரானாலும் குற்றத்துக்கு ஆளானவரானாலும், போகச் சொல்வது உங்களைத்தான். (அடி, மிரட்டல் உள்ள உறவுகளுக்கு இதை அப்படியே பொருத்தக்கூடாது. அங்கே பாதுகாப்புதான் முதலில்.)

போய் என்ன சொல்வது? பலர் சறுக்குவது இங்கேதான். "நான் ஏதாவது மனசு கஷ்டப்படும்படி பேசியிருந்தா மன்னிச்சிடு" என்பார்கள். அது மன்னிப்புக் கேட்பதே அல்ல. "ஏதாவது", "இருந்தா" என்ற சொற்களில் தவறு நழுவி ஓடிவிடுகிறது. இயேசு சொன்ன உவமையில், சொத்தை அழித்துவிட்டுத் தகப்பனிடம் திரும்பி வந்த கெட்ட குமாரன் எப்படிக் கேட்டான் பாருங்கள். "பரத்துக்கு விரோதமாகவும் உமக்கு முன்பாகவும் பாவஞ்செய்தேன்" என்றான். பஞ்சம் வந்தது, கூட்டாளிகள் கைவிட்டார்கள் என்று ஒரு காரணமும் சொல்லவில்லை. நீங்களும் சொன்ன சொல்லையே எடுத்துச் சொல்லுங்கள்: "உனக்கு அம்மாவைவிட வேலைதான் பெரிசுன்னு நான் சொன்னது தப்பு. அது உண்மையில்லைன்னு எனக்கே தெரியும். என்னை மன்னிச்சிடு." அதோடு நிறுத்துங்கள். "ஆனா நீயும்..." என்று நாக்கு நுனிவரை வரும். அதை விழுங்கிவிடுங்கள். அவளுடைய பங்கை அவள் சொல்லட்டும், சொல்லாமலும் போகட்டும்.

இதை வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள். நேரில் போங்கள். பெரியம்மா, சித்தப்பா என்று யாரையும் துணைக்கு அழைக்கவும் வேண்டாம். ஆராதனை முடிந்த கையோடு நாலு பேர் நடுவில் பேசினால், அவளுக்குத் தலையாட்டுவதைத் தவிர வேறு வழியிருக்காது.

அப்புறமும் அவள் முகம் கொடுக்காமல் இருக்கலாம். ரோமர் 12:18-இல் பவுல், "கூடுமானால் உங்களாலானமட்டும்" என்று அளந்துதான் எழுதுகிறார். அவரே அனுபவப்பட்டவர். மாற்கு என்ற உதவியாளரைக் கூட்டிக்கொண்டு போவதா வேண்டாமா என்பதில் உடன் ஊழியரான பர்னபாவோடு கடும் கோபம் மூண்டு, இருவரும் பிரிந்தே போனார்கள் (அப்போஸ்தலர் 15:39). அதே பவுல் வாழ்நாளின் கடைசியில், மாற்குவை உன்னோடே கூட்டிக்கொண்டு வா, அவன் எனக்குப் பிரயோஜனமுள்ளவன் என்று தன் சீடன் தீமோத்தேயுவுக்கு எழுதுகிறார். நடுவில் எத்தனையோ வருடங்கள். ஆகவே அவளுக்கும் நேரம் கொடுங்கள். பிறந்தநாளில் கூப்பிடுவதை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.

திருவிருந்தைத் தவிர்ப்பது வழியல்ல என்பது என் கருத்து. பங்குபெறும் முன் போய்ப் பேசிவிடுங்கள். உண்மையாக முயன்றும் அவள் மறுத்தால், உங்கள் போதகரிடம் சொல்லிவிட்டு, ஜெபத்தோடு பந்திக்குப் போகலாம்.

இன்னொன்று. மன்னிப்புக் கேட்கும் அன்றைக்கே, அம்மா யாரிடம் எத்தனை நாள் இருப்பது என்ற பேச்சை எடுக்காதீர்கள். அதற்காகத்தான் வந்தீர்கள் என்று தோன்றிவிடும். வேறொரு நாள் வைத்துக்கொள்ளுங்கள். அன்று அம்மாவையும் கூட உட்காரவைத்து, அவருக்கு என்ன விருப்பம் என்று முதலில் கேளுங்கள்.